பீலியடியில் பேண்ட் வலது பக்கம் திரும்பியது

என் எழுத்து கோணலாக இருக்கும். ல, ள, ழ மூன்றும் எனக்கு எப்போதும் இடம் மாறித்தான் விழும். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதை அச்சுக்குக் கொடுக்கப்போகும் சுதாகர் சேரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிழையைத் திருத்துங்கள் சேர், விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

சுதாகர் சேர் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் கமிட்டியின் செயலாளர். தெமோதரையில் படிப்பிக்கிறார். கும்பாபிஷேக மலர் ஒன்று போடுவதாகச் சொல்லிக்கொண்டு பதுளையில் என் வீட்டுக்கு வந்தார். சாக்ஸபோன் வாசித்து, பாட்டும் பாடி, பிறகு பேண்டையும் நடத்திய என் அனுபவங்களை எழுத வேண்டும் என்றார். நான் கூச்சப்பட்டேன். பேச்சு அப்படியே நகர்ந்து, அவர் உண்மையில் எதற்கு வந்தார் என்பது வெளியே வந்தது.

“மருதை அண்ணே, ஒரே ஒரு கேள்விதான். அந்த வருசம் தேர் கீழ்க்கணக்குக்குப் போனிச்சே, அது வழி தப்பிப் போனதா, இல்ல நீங்க வேணும்னே கூட்டிக்கிட்டுப் போனதா?”

“இப்ப என்னாத்துக்கு சேர் அது?”

“மேல்கணக்கு ரோட்டுக்கு கொங்கிரீட் போட்டாச்சு. கீழ ரோடு ஒடஞ்சு கெடக்கு. லயத்து வீடுகள்ல பாதி பூட்டிக் கெடக்கு, பொடியங்க எல்லாம் கொழும்புல. இனிமே தேர் மேலயே சுத்தி வந்தாப் போதும்னு கமிட்டியில பாதிப் பேரு நிக்கிறாங்க. ‘அது வழக்கமே இல்ல, பேண்ட்காரரு பனியில வழி தப்புனது’ங்கிறாங்க. கீழ இருக்கிறவங்களக் கேட்டா, ‘அம்மனே மருதை காலைப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்தா’ங்கிறாங்க. அன்னைக்கு முன்னுக்குப் போனதுல நீங்கதான் மிச்சம். எழுதிக் குடுங்க. அதைப் போட்டுட்டு முடிவு எடுத்துருவோம்.”

அவர் போன பிறகு யோசித்துப் பார்த்தேன். நான் ‘வழி தப்பிப் போனேன்’ என்று எழுதினால் கீழ்க்கணக்குக்கு இனித் தேர் இல்லை. ‘வேண்டுமென்றே போனேன்’ என்று எழுதினால் அது உண்மையா என்று எனக்கே தெரியவில்லை. இத்தனை வருடமாக இரண்டு பக்கமும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நான் சிரித்துவிட்டு நழுவிவிடுவேன். இனி நழுவ முடியாது போலிருக்கிறது. அதனால் நடந்ததை முதலில் இருந்து எழுதிப் பார்க்கிறேன். எழுதும்போதாவது தெளிவு வருமா பார்க்கலாம்.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு பதுளையில் ஒரு சாமான் கடையில் மூட்டை தூக்கினேன். கடைக்குப் பின்னால் ஜோசப் மாஸ்டரின் பேண்ட் ஒத்திகை பார்க்கும். பேஸ் டிரம் தூக்க ஆள் வரவில்லை என்று ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்கள். சில வருடம் டிரம் தூக்கினேன், பிறகு கிளாரினட் ஊதினேன், சாக்ஸபோன் வாசித்தவர் வெளிநாடு போனதும் அது என் கழுத்தில் தொங்கியது. நான் படித்த கதை இவ்வளவுதான்.

ஆனால் ஜோசப் மாஸ்டரைப் பற்றி இப்படிச் சுருக்கிவிட முடியாது. அவர் ட்ரம்பெட் வாசிப்பார். ஊர்வலத்தில் எங்களுக்கு முன்னால், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடப்பார். பாட்டின் பெயரை வாயால் சொன்னதே இல்லை. வலது முழங்கையை ஒரு தடவை தூக்கினால் நிற்காமல் பாட்டின் அடுத்த அடி. இடது முழங்கை என்றால் அடுத்த பாட்டு. தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். எந்தச் சுருதி என்பதை இடுப்புக்குப் பின்னால் விரலை நீட்டிக் காட்டுவார். நன்றாக வாசித்தால் பாராட்ட மாட்டார், பிழைவிட்டால் திட்டவும் மாட்டார். பிழைவிட்டவனுக்கு மறுநாள் முழுவதும் பீடி கொடுக்க மாட்டார். அதுதான் தண்டனை. ஊர்வலத்தில் அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. முதுகைத்தான் படித்தேன்.

அவருடைய சட்டங்கள் இரண்டு. ஒன்று, முன்னுக்குப் போகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. “நீ திரும்பிப் பாத்தா பின்னுக்கு வார சனம் என்னமோ ஏதோன்னு பயந்துரும்” என்பார். இரண்டு, தேர் இறக்கத்தில் இருக்கும்போது என்ன நடந்தாலும் டிரம் நிற்கக் கூடாது.

இரண்டாவதற்குக் காரணம் சொல்ல வேண்டும். எங்கள் தேர் மரச்சக்கரத் தேர். தேயிலை மலைக்கு இடையில் போகும் ரோடு குறுகலானது, இறக்கமானது. ஏற்றத்தில் முன்வடம் பிடித்து இழுப்பார்கள். இறக்கத்தில் பின்வடத்தைப் பிடித்துக்கொண்டு, சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை வைத்து வைத்து இறக்குவார்கள். பேஸ் டிரம் ‘டொம்’ என்றால் கட்டையை எடுத்து வடத்தை ஒரு எட்டு விடுவார்கள். அடுத்த ‘டொம்’முக்குள் கட்டை மறுபடியும் உள்ளே போய்விடும். ஒரு அடிக்கு ஒரு எட்டு. டிரம் நின்றால் கட்டை பிடிப்பவனுக்கும் வடம் பிடிப்பவனுக்கும் கணக்குத் தப்பும். தேர் தன்பாட்டில் உருளும்.

நான் பாட ஆரம்பித்தது பண்டாரவளையில் ஒரு கடை முதலாளி வீட்டுக் கலியாணத்தில். பாடுகிறவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. மாஸ்டர் என் பக்கம் தாடையை ஆட்டினார், அவ்வளவுதான். சனத்தைப் பார்க்க வெட்கப்பட்டு, மைக்கை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் பாடினேன். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா, “ஏய் தம்பி, மாப்பிள்ளைக்குப் பாடுறியா, செவுத்துக்குப் பாடுறியா?” என்று கேட்டார். மண்டபமே சிரித்தது. நான் திரும்பவில்லை. ஆனால் பாட்டு முடிந்ததும் இன்னொன்று பாடச் சொன்னார்கள். இப்படிப்பட்ட என்னை ஏன் பேண்டின் முன்னால் நிறுத்தினார்கள் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. ஒருவேளை முன்னால் நடக்கிறவனை யாரும் முகத்துக்கு நேரே பார்ப்பதில்லை என்பதால் எனக்கு அது சரிப்பட்டிருக்கலாம்.

இனித் தேர் விஷயம்.

எங்கள் தோட்டத்தின் மேல் பிரிவை மேல்கணக்கு என்றும் கீழ்ப் பிரிவைக் கீழ்க்கணக்கு என்றும் சொல்வோம். கோயில் மேல்கணக்கில் இருக்கிறது. ஒரு திருவிழாவில் வலது வடத்தை யார் பிடிப்பது என்று இரண்டு கணக்கு ஆட்களும் அடித்துக்கொண்டார்கள். ஒருவருக்கு மண்டை உடைந்தது. அதிலிருந்து தேர் கீழே இறங்குவது நின்றுவிட்டது. கீழ்க்கணக்கு ஆட்கள் மேலே கோயிலுக்கு வருவதும் நின்றது. அப்போது மேல்கணக்கின் தலைவர் வீரையா அண்ணன். கீழ்க்கணக்குக்கு வேலையிலிருந்து நின்றுவிட்ட பெரியசாமிக் கங்காணி. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் இருவரும் எதிரெதிரே வந்தால் ஒருவர் தேயிலைக்குள் இறங்கி நடப்பார்.

என் மனைவி சரோஜா கீழ்க்கணக்குப் பெண். இதைச் சொல்லாமல் விட்டால் பிறகு யாராவது சொல்வார்கள்.

அந்த வருடம் மாஸ்டருக்கு நெஞ்சுச் சளி. படுக்கையில் இருந்தபடி, “நீ முன்னுக்குப் போ” என்றார். அன்று காலையில் நான் சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது சரோஜா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

“இந்தாங்க, அம்மா இந்த வருசமும் வெளக்க வச்சிக்கிட்டு வாசல்லதான் நிக்கும்.”

“தேரு அங்க போகாதுன்னு தெரியுந்தானே?”

“தெரியும். நிக்கும்.”

அவள் என்னைக் கீழே போகச் சொன்னதாக மேல்கணக்கில் பேசுகிறார்கள். சொல்லவில்லை.

பின்னேரம் தேர் கோயிலை விட்டு இறங்கும்போதே பனி மூட ஆரம்பித்தது. சாக்ஸபோனுக்குப் பனி பெரிய எதிரி. பித்தளை குளிர்ந்து சுருதி இறங்கிவிடும். துளையை மூடும் தோல் ஈரத்தில் உப்பி ஒட்டிக்கொள்ளும். நான் தேயிலைப் பெட்டிக்குள் வரும் மெல்லிய தாளைக் கிழித்து, தோலுக்கு இடையில் வைத்து ஈரத்தை எடுத்து எடுத்து வாசித்தேன். கொஞ்ச நேரத்தில் என் கையே எனக்குச் சரியாகத் தெரியவில்லை. பின்னால் தேரின் மணி கேட்டது, தேர் தெரியவில்லை. வழக்கமாக வீரையா அண்ணன் கையில் பந்தத்தோடு பேண்டுக்கு முன்னால் நடந்து வழி காட்டுவார். அன்று ஒரு சக்கரம் சாக்கடையில் இறங்கியதாகச் சத்தம் போட்டார்கள், அவர் பின்னால் ஓடிவிட்டார். சக்கரம் ஏறியது, தேர் நகர்ந்தது, ஆனால் அவர் முன்னுக்கு வரவில்லை. எனக்கு முன்னால் ஒருவரும் இல்லை. வடம் பிடித்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு எங்கள் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

ரோட்டோரத்தில் பீலி ஒன்று இருக்கிறது. மலைத் தண்ணீர் குழாய் வழியாக ஊற்றிக்கொண்டே இருக்கும், அங்கேதான் பெண்கள் தண்ணீர் பிடிப்பார்கள். அந்தப் பீலியடியில் ரோடு பிரிகிறது. இடது பக்கம் மேல்கணக்கு லயத்தைச் சுற்றிக்கொண்டு கோயிலுக்குத் திரும்பும். வலது பக்கம் கீழ்க்கணக்குக்கு இறங்கும்.

பீலிச் சத்தம் எனக்குக் கேட்டதா? கேட்டிருக்க வேண்டும். சுற்றிப் பேண்ட் சத்தம் இருந்தது என்பதும் உண்மை. மேல் ஸ்தாயியில் வாசிக்கும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன் என்பதும் உண்மை. வலது பக்கத்து ரோடு, நான் சரோஜாவைப் பார்க்கப் போய்ப் போய்க் காலுக்குப் பழகிய ரோடு என்பதும் உண்மை. இதில் எது என்னைத் திருப்பியது என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று சரி போலத் தோன்றுகிறது.

ரோடு இறங்குகிறது என்று கால் சொன்னபோதுதான் கண்ணைத் திறந்தேன். அந்த நேரம் தேர் இன்னும் பீலியடிக்கு வந்து சேரவில்லை. நான் அங்கேயே நின்றிருந்தால் எல்லோரும் சிரித்துவிட்டு இடது பக்கம் திரும்பியிருப்போம். நான் நிற்கவில்லை. இறக்கத்தில் நிற்கக் கூடாது என்ற சட்டம் நினைவுக்கு வந்தது. ஆனால் அந்தச் சட்டம் தேர் இறக்கத்தில் இருந்தால்தான். தேர் இறக்கத்துக்கு வரவே இல்லையே. அப்படியானால் ஏன் நடந்தேன்? இந்த இடத்தில்தான் எனக்கு எப்போதும் குழம்புகிறது.

சைட் டிரம் அடித்த மைக்கல் எனக்குச் சரியாகப் பின்னால் வந்தவன். பதுளை ஆள். அவனுக்கே தெரிந்துவிட்டது.

“மருதை! டேய், இது கீழ போற ரோடுடா!”

என் வாயில் சாக்ஸபோன்.

“நிப்பாட்டவா? தலைய ஆட்டுடா பாவி, நிப்பாட்டவா?”

பின்னால் ‘டொம்’முக்கு முட்டுக்கட்டை விழும் சத்தம் கேட்டது. தேர் இறக்கத்துக்கு வந்துவிட்டது. நான் வலது முழங்கையைத் தூக்கினேன். அடுத்த அடி.

“போச்சு. இன்னைக்கு எவன் கையால சாவுறதுன்னுதான் தெரியல” என்றான் மைக்கல். ஆனால் கை நிற்கவில்லை.

தூரத்திலிருந்து வீரையா அண்ணன் கத்துவது கேட்டது. “பேண்டை நிப்பாட்டுங்கடா! எங்கடா போறீங்க? பேண்டை நிப்பாட்டு!” கூடவே பின்வடம் பிடித்தவர்கள் யாரோ, “நிப்பாட்டாத, நிப்பாட்டாத, தேரு உருண்டுரும்!” என்று அதைவிடப் பெரிதாகக் கத்தினார்கள். ரோட்டின் ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். கீழே பெரட்டுக் களத்துக்குப் போகாமல் தேரைத் திருப்ப முடியாது.

முதல் லயத்துக்கு முன்னால் பனிக்குள் ஒரு உருவம் நடு ரோட்டில் நின்றது. பெரியசாமிக் கங்காணி. கையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி. அவருக்குப் பின்னால் இன்னும் ஆட்கள் நின்றார்கள், முகம் தெரியவில்லை. மேல்கணக்குக்காரர்கள் பேண்ட் அடித்துக்கொண்டு கேலி செய்ய வருகிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள்.

“யார்ரா அது? யாரக் கேட்டுடா இங்கிட்டு எறங்குற?”

அந்த நேரம் பார்த்துச் சாக்ஸபோனின் தோல் ஒட்டிக்கொண்டது. ஊதினால் காற்றுத்தான் வந்தது. நான் வாயிலிருந்து அதை எடுத்தேன். இப்போது வாய் சும்மா இருந்தது. ‘வழி தப்பிட்டோம் மாமா, மன்னிச்சுக்குங்க’ என்று சொல்லியிருக்கலாம். சரோஜா முறையில் அவர் எனக்கு மாமா. சொல்ல வேண்டும் என்று நினைத்ததும் உண்டு. ஆனால் டிரம் அடி நடுவில் பேச்சுக்கு இடம் கிடைக்கவில்லை, பாட்டுக்குத்தான் இடம் இருந்தது. வாயைத் திறந்தேன், அம்மன் தாலாட்டு வந்தது. மாஸ்டருக்குப் பதிலாக வந்த ட்ரம்பெட்காரனும் சேர்ந்துகொண்டான். நான் பாடிக்கொண்டே கங்காணியை நோக்கி நடந்தேன். சுவர்ப் பக்கம் திரும்ப அன்று சுவர் இல்லை.

அவர் கத்தியைத் தூக்கவும் இல்லை, விலகவும் இல்லை. நான் அவருக்கு மிகப் பக்கத்தில் போய்விட்டேன். அப்போது அவர் கண் என்னை விட்டுவிட்டு எனக்கு மேலே எங்கோ போனது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதால் நான் பார்க்கவில்லை. தேர் பனியை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும்.

கங்காணி கத்தியைத் தேயிலைச் செடிக்குள் போட்டார். தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். ரோட்டிலேயே விழுந்து கும்பிட்டார். நாங்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

பிறகு யார் என்ன செய்தார்கள் என்று எனக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. பெண்கள் குலவை போட்டார்கள். நிறைகுடம் வைக்க நேரமில்லாமல் யாரோ வாளியிலேயே தண்ணீரைக் கொண்டுவந்து சக்கரத்தில் ஊற்றினார்கள். மாமியார் விளக்கோடு நின்றதைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்க்கவில்லை. பெரட்டுக் களத்தில் தேரைத் திருப்பும்போது இரண்டு கணக்கு ஆட்களும் ஒரே வடத்தில் நின்றார்கள், மேலே ஏற்றுவதற்கு ஆள் போதாதே. கீழ்க்கணக்கில் தேத்தண்ணி கொடுத்தார்கள். மேல்கணக்கு ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். குளிர். வாங்கிக் குடித்தார்கள். வீரையா அண்ணன் மட்டும் குடிக்கவில்லை. என்னிடம் வந்தார்.

“ஒனக்கு வழி தெரியாதா?”

நான் சாக்ஸபோனைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“ஒன்னத்தான் கேக்குறேன்.”

துடைத்துக்கொண்டே இருந்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மாஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அவராவது அது தப்பா சரியா என்று சொல்வார் என்று நினைத்தேன்.

“தாளம் விழுந்திச்சா?” என்று கேட்டார்.

“இல்ல மாஸ்டர்.”

“அப்ப என்ன?” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பீடி கேட்டேன், கொடுத்தார். அதை நான் எப்படி எடுத்துக்கொள்வது?

அதற்குப் பிறகு பேண்ட் என் பெயருக்கு வந்தது. ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டங்கள்வரை போயிருக்கிறேன். போகிற இடமெல்லாம் “சண்டையைத் தீர்த்து வச்ச பேண்ட்காரர்” என்று மாலை போட்டார்கள். போட்ட மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் டிரம்முக்கு மேல் போட்டுவிடுவேன். மேல் வரிசைப் பற்கள் இரண்டு விழும்வரை வாசித்தேன். சாக்ஸபோனின் வாய்ப்பகுதியை மேல் பல்தான் தாங்க வேண்டும். கட்டுப்பல் வைத்துப் பார்த்தேன். ஒரு கலியாணத்தில் அது பாட்டு நடுவில் நழுவியது. அன்றோடு நிறுத்திக்கொண்டேன். இப்போது எங்கள் பேண்ட் பிள்ளைகள் கீபோர்டை டிராக்டரில் வைத்துக்கொண்டு போகிறார்கள். நன்றாகத்தான் வாசிக்கிறார்கள்.

சுதாகர் சேர், இவ்வளவு எழுதிய பிறகும் பனி வருடத்துக்கு என்னிடம் பதில் இல்லை. வழி தப்பிப் போனேன் என்றால் அது முழு உண்மை ஆகாது, வேண்டுமென்றே போனேன் என்றாலும் ஆகாது. அம்மன் இழுத்தாளா என்பதை அம்மனிடம்தான் கேட்க வேண்டும். தெரியாது என்றே போடுங்கள்.

ஆனால் எழுதிக்கொண்டு வரும்போது ஒன்று கவனித்தேன். எல்லோரும் பனி வருடத்தைத்தான் கேட்கிறீர்கள். அதற்கு அடுத்த வருடத்தை ஒருவரும் கேட்டதில்லை.

அடுத்த வருடம் நல்ல வெயில். தேர் கீழே போக வேண்டும் என்று கமிட்டி முடிவு எடுக்கவில்லை. கீழ்க்கணக்கிலும் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. வீரையா அண்ணன் இந்த முறை பின்னால் எங்கும் ஓடாமல் பந்தத்தோடு எனக்கு முன்னாலேயே நடந்தார். பீலியடிக்கு வந்தோம். அங்கிருந்து கீழே லயம் முழுவதும் தெரிந்தது. யாரும் சொல்லாமலே ரோட்டோரக் கற்களுக்கெல்லாம் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் நிறைகுடம் இருந்தது.

வீரையா அண்ணன் இடது பக்கம் திரும்பி நடந்தார். நான் வலது பக்கம் திரும்பினேன். மைக்கல் ஒன்றும் கேட்கவில்லை. டிரம் என்னோடு வந்தது. அண்ணன் கொஞ்ச தூரம் தனியே போய், சத்தம் வேறு பக்கம் போவதைக் கேட்டு நின்றார். பிறகு பந்தத்தோடு ஓடி வந்து எனக்கு முன்னால் சேர்ந்துகொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. “மெதுவாப் போ, எறக்கம்” என்று மட்டும் சொன்னார்.

மேல்கணக்கு ஆட்கள் கீழ்க்கணக்கு கேட்டுக்கொண்டதாக நினைத்தார்கள். கீழ்க்கணக்கு ஆட்கள் மேல்கணக்கு சம்மதித்ததாக நினைத்தார்கள். அன்றிலிருந்து அது வழக்கம் ஆகிவிட்டது. யாரும் யாரையும் கேட்கவில்லை, யாரும் சம்மதிக்கவும் இல்லை. கமிட்டிக்கு ஒரு பதில் வேண்டும் என்றால் அந்த வருடத்தை எழுதிக்கொள்ளுங்கள். அன்று பனி இல்லை. என் கண் திறந்திருந்தது.

ம. மருதை,
பதுளை.
பங்குனி மாதம் இருபத்திரண்டாம் நாள், சனிக்கிழமை காலை.